பில்கோட்டுக்குக் கொடுத்த செவ்வாய்க்கிழமை

போன வாரம் ரெஜினா போன் செய்தாள். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவள், இப்போது ஷார்ஜா முவைலாவில் சொந்தமாக அலுவலகம் நடத்துகிறாள். அங்கே இனி யாரும் எதையும் தட்டச்சு செய்யப் போவதில்லையாம். பழைய கையெழுத்தைக்கூட இயந்திரமே படித்துவிடுகிறதாம். அது படித்தது சரிதானா என்று பார்க்க மட்டும் ஆறு பேரை வைத்திருக்கிறாள். அந்த ஆறு பேரும் படிப்பதற்கு நம் பழைய பார்லிமென்ட் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். பெருமையாக ஏதாவது எழுதுவேன் என்று நம்பிக் கேட்டிருப்பாள். பாவம், ஆளைத் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன். சென்னையில் சட்டப் பத்திரிகை ஒன்றில் நான்கு வருடம் புரூஃப் பார்த்தேன். கல்யாணமாகி துபாய் வந்தேன். கணவர் கட்டட வரைபடம் போடுகிறவர். கராமாவில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பகலில் வீட்டில் உட்கார முடியவில்லை. நான்கு கட்டடம் தள்ளி, ஓட்டலுக்கு மேல் மாடியில், ஒரு டேட்டா என்ட்ரி அலுவலகம் இருந்தது. பதினொரு மணி ஆனால் கீழேயிருந்து சாம்பார் தாளிக்கும் வாசனை ஏறி வரும். அந்த வாசனையில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. பூமியின் தென்கோடியில் இருந்த ஒரு பிரிட்டிஷ் காலனியின் பார்லிமென்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதில் உறுப்பினராக இருந்த அத்தனை பேரின் விவரத்தையும் புத்தகமாகப் போடப் போகிறார்கள். காலனியின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதனால் இப்போதும் சொல்லவில்லை. ஓர் உறுப்பினருக்கு ஓர் அட்டை. எப்போதோ ஒரு நூலகக் குமாஸ்தா மசியால் எழுதியது. அதன் நகல்கள் பெட்டி பெட்டியாக விமானத்தில் வந்து இறங்கின.

அந்த அட்டைகளில் என்னதான் இல்லை. பிறந்த ஊர், வந்த கப்பல், தொழில், தொகுதி, தேர்தலில் ஜெயித்த நாள், பதவிப் பிரமாணம் எடுத்த நாள், பதவி போன நாள், போன காரணம். ஒருவர் திவாலாகிப் பதவி இழந்தார். ஒருவர் ஓட்டுக் கேட்கப் போகும் வழியில் ஆற்றோடு போனார். ஒருவர் சபையில் நாற்காலியைத் தூக்கியதால் வெளியேற்றப்பட்டு, அடுத்த தேர்தலில் இன்னும் அதிக ஓட்டில் திரும்பி வந்தார். ஒரு மாதம் போனதும் இவர்களெல்லாம் எங்களுக்கு அக்கம்பக்கத்து ஃபிளாட்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நாற்காலிக்காரர் என்ன ஆனார் என்று சாப்பாட்டு நேரத்தில் விசாரித்துக்கொள்வோம்.

வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அதில்தான் நடந்தது. ஒரே அட்டையை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். ஒருவர் அடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறதோ அந்த இடத்தை மட்டும் என் திரையில் காட்டும். நான் அட்டையை எடுத்துப் பார்த்து எது சரி என்று தீர்ப்புச் சொல்வேன். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்வது அபூர்வம் என்பதுதான் இதன் அஸ்திவாரம். அட்டையில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும். காலியாக இருந்தால் காலி என்று அடிக்க வேண்டும். சொந்த மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

எங்கள் மேலாளர் சிவஞானம் சார் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் அரசாங்க வேலையில் சபைக் குறிப்புகளைப் பிழை திருத்தியவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் வந்தவர். ஆகஸ்ட் மாத வெயிலிலும் டை கட்டியிருப்பார். டீ கொண்டு வரும் ஆளைக்கூட மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். யாராவது தப்போடு போய் நின்றால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன் அட்டையைக் கேட்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையின் நான்கு மூலையாலும் துடைத்து மாட்டிக்கொண்டு, அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். அதற்குப் பிறகுதான் "இப்ப சொல்லுங்கோ" என்பார். அதற்குள் நமக்குச் சொல்ல வந்ததே மறந்து போயிருக்கும்.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதில் யார் யாரோடு ரூமில் இருக்கிறார்கள், யார் யாரோடு ஒரே பஸ்ஸில் வருகிறார்கள், யார் வீட்டுக் குழம்பு யாருக்குப் போகிறது என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் ஜோடி பிரிப்பார். சேர்ந்து சாப்பிடுகிற இரண்டு பேருக்கு ஒரே அட்டை போகாது. கல்யாணத் தரகர் தோற்றார் என்று நான் பின்னால் சிரித்திருக்கிறேன். லண்டனிலோ வேறு எங்கோ இந்த முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு இந்த நோட்டு தேவைப்பட்டிருக்காது. அங்கே வேலை முடிந்தால் அவரவர் வீடு. எங்கள் ஆட்களுக்கு ஒரு ரூமில் ஆறு கட்டில், ஒரே சமையல், ஒரே டிவி. பேசாமல் எப்படி இருக்க முடியும்.

அந்த வருடம் சிவஞானம் சார் மகன் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் கனடா போனார். ஜோடி பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதே வாரம் இரண்டு பெண்கள் லீவில் போய்விட்டார்கள். வேறு வழியில்லை என்று ஜமாலையும் ஸ்டீபனையும் ஜோடி போட்டேன். இருவரும் ஒரே ரூம் என்று எனக்குத் தெரியும். நோட்டும் என் மேஜையில்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

ஸ்டீபன் தூத்துக்குடி. வாயைத் திறக்காத ஆள். ஜமால் முகைதீன் காயல்பட்டினம், முப்பத்தொரு வயது. துபாய் தேராவில் அவர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். விசா கேன்சலாகி ஊருக்குப் போய், எட்டு மாதம் சும்மா இருந்து, விசிட் விசாவில் திரும்பி வந்தவர். எங்கள் அலுவலகத்தில் அவரை விட வேகமாக யாரும் அடித்ததில்லை. கம்பெனி விசாவுக்குச் சொல்லியாகிவிட்டது, முதலாளி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. முதலாளியோ லண்டனுக்கும் துபாய்க்கும் நடுவில் பறந்துகொண்டே இருப்பார். விசிட் விசா முடிய மூன்று வாரம்கூட இல்லை. காயல்பட்டினத்தில் கல்யாணமான ஆண்கள் மனைவி வீட்டில்தான் இருப்பார்கள். வேலை இல்லாத மாப்பிள்ளையாக அந்த வாசலில் இரண்டாவது தடவை போய் நிற்க முடியாது என்று ஒரு நாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

சார் திரும்பி வருவதற்கு முதல் நாள், அடித்து முடித்த அட்டைகளில் இருபதுக்கு ஒன்றாக உருவி நான் சோதித்துக்கொண்டிருந்தேன். தாமஸ் பில்கோட் என்ற அட்டை வந்தது. கல் உடைக்கிற தொழிலாளி. அந்தக் காலத்து உறுப்பினர்களில் அது அதிசயம், முக்கால்வாசிப் பேர் வக்கீலும் பண்ணையாரும்தான். இடைத்தேர்தலில் ஜெயித்திருக்கிறார். குவாரி ஆட்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கோட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தலைநகருக்கு வண்டியிலும் நடையிலுமாகப் பதினொரு நாள் பயணம். ஓரத்தில் குமாஸ்தா பொடி எழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். பில்கோட் வியாழக்கிழமை சபைக்கு வந்து சேர்ந்தார், சபை புதன்கிழமையே கலைக்கப்பட்டிருந்தது, அவர் மறுபடி போட்டியிடவில்லை.

திரையிலோ, அவர் பதவிப் பிரமாணம் எடுத்த நாள் என்று செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது.

வியாழக்கிழமை வந்து சேர்ந்தவர் செவ்வாய்க்கிழமை எப்படிப் பிரமாணம் எடுப்பார்? அட்டையைத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலி. ஜமால் அடித்ததிலும் அதே தேதி, ஸ்டீபன் அடித்ததிலும் அதே தேதி. இரண்டும் ஒன்றாக இருந்ததால் கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

பிரமாணம் எடுக்காதவர் உறுப்பினர் அல்லர் என்று எங்களுக்கு வந்த விதித்தாளில் இருந்தது. அந்தக் கட்டம் காலி என்றால் அட்டையை எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும், புத்தகத்தில் அந்த ஆள் வரமாட்டார்.

ஜமாலைக் கூப்பிட்டு அட்டையை நீட்டினேன். மறுக்கவே இல்லை.

"நான்தான்க்கா சொன்னேன், ஸ்டீபன் மேல ஒண்ணும் இல்ல. ரூம்ல சாப்பிடும்போது சொன்னேன், நீயும் அதே தேதியப் போட்டுருன்னு. அந்த மனுசன் ஜெயிச்சவருக்கா. கோட்டு எல்லாம் போட்டுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாரு. அவர இல்லைன்னு அடிக்க எனக்குக் கை வரல. ஒரு நாளாவது உள்ள உக்காரட்டும்னு செவ்வாக்கிழமையக் குடுத்தேன்."

வேறு எந்த அட்டையிலாவது இப்படிச் செய்தீர்களா என்று கேட்டேன். மகள் மேல் சத்தியம் செய்து இல்லை என்றார். நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை வைத்துக்கொண்டு அந்த ஜோடி அடித்த முந்நூற்றுச் சொச்சம் அட்டைக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அன்று சாயந்திரம் வீட்டில் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அந்தத் தேதியை நானே அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஜமாலுக்கு விசா வந்துவிடும், பில்கோட் பெட்டிக்குள் போய்விடுவார், நான் ரூம்காரர்களை ஜோடி போட்டதும் சேர்ந்து மறைந்துவிடும். இந்தக் கடைசிக் காரணம்தான் என்னைத் தடுத்தது. அவருக்காக மறைக்கிறேனா எனக்காக மறைக்கிறேனா என்று எனக்கே பிடிபடவில்லை. மறுநாள் காலையில் அட்டையை எடுத்துக்கொண்டு சிவஞானம் சார் மேஜைக்குப் போனேன்.

கண்ணாடி துடைத்தார், படித்தார், ஓரக் குறிப்பை இரண்டு தடவை படித்தார். பிறகு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இந்த ஆள் பாவம்தான், மிசிஸ் கோமதி" என்றார். "ஆனா இது நடக்கேல்லை. நடக்காத ஒண்டை நாங்கள் நடந்ததெண்டு எழுதினால், நடந்ததெல்லாம் என்ன ஆகிறது? சோடி போட்டது ஆர்?"

நான்தான் என்றேன்.

"அப்ப உங்கடை பிழையையும் சேர்த்து எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை லீவு நாள். சார், நான், ஜமால், ஸ்டீபன் நான்கு பேரும் உட்கார்ந்து அந்த ஜோடி அடித்த அட்டை அத்தனையையும் ஒன்றுவிடாமல் பார்த்தோம். சார் வாசித்தார், நாங்கள் திரையில் பார்த்தோம். ஜும்ஆ தொழுகைக்கு ஜமால் போய் வரும்வரை அவருடைய அட்டைகளை யாரும் தொடக் கூடாது என்று சார் சொல்லிவிட்டார். அவர் திரும்பி வந்து, அவர் கண் முன்னால்தான் தொடர்ந்தோம். கீழே ஓட்டலிலிருந்து நான்கு சாப்பாடு வரவழைத்து அங்கேயே சாப்பிட்டோம். ஐந்து மணிக்கு முடிந்தது. வேறு ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஜமால் சொன்னது உண்மை. சார் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார்.

மறுநாள் காலனிக்காரர்களுக்குப் பேக்ஸ் போனது. எங்கள் அலுவலகத்தில் ஒரு தேதி தவறாகச் சேர்க்கப்பட்டது, திருத்திவிட்டோம் என்று முதல் பத்தி. சார் அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. ஜெயித்து வாசல் வரை வந்தும் பிரமாணம் எடுக்க முடியாமல் போனவர்களை உங்கள் புத்தகம் என்ன செய்யப் போகிறது என்று கேட்டு இன்னொரு பத்தி எழுதினார்.

முதலாளி லண்டனிலிருந்து வந்தார். எங்கள் மேல் வாடிக்கையாளருக்கு இருந்த நம்பிக்கை போச்சு என்று குதித்தார். ஸ்டீபனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், எனக்கு ஒன்று. எங்கள் இருவருக்கும் விசா இருந்தது, எங்களை அனுப்புவதென்றால் அதற்கு ஆயிரம் காகிதம் வேண்டும். ஜமாலை நீக்க வேண்டிய அவசியமே இல்லை, கையெழுத்துப் போடாமல் விட்டாலே போதும். சார் மூன்று தடவை முதலாளி அறைக்குள் போனார். மூன்றாவது தடவை டையைத் தளர்த்திக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

விசிட் விசா முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் ஜமால் கிளம்பினார். என் கணவர் காரில்தான் ஏர்போர்ட் போனோம். அவர் மகளுக்கு ஒரு கவுன் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, சார் கேள்வி கேட்டிருந்தாரே, பதில் வந்ததா என்று விசாரித்தார். இன்னும் வரவில்லை என்றேன். நீங்கள் சொன்னது சரிதான்க்கா, நான் செய்தது தப்புத்தான் என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பதில் இரண்டு மாதம் கழித்து வந்தது. அவர்கள் தேடிப் பார்த்ததில் பில்கோட் மாதிரி இன்னும் ஆறு பேர் இருந்தார்களாம். நோயில் விழுந்தவர், புயலில் மாட்டியவர், இப்படி. தேர்ந்தெடுக்கப்பட்டும் பிரமாணம் எடுக்காதவர்கள் என்று புத்தகத்தில் தனிப் பகுதியே வைக்கப் போவதாக எழுதியிருந்தார்கள். சார் அந்தப் பேக்ஸை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஸ்டீபன் எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு சார் மகனோடு இருக்கக் கனடாவுக்கே போய்விட்டார். அவருடைய நாற்காலிக்கு நான் வந்தேன். புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் காலனிக்காரர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நன்றிப் பக்கத்தில் போடுவதற்கு, துபாயில் இந்த வேலையைச் செய்த எல்லோருடைய பெயரும் வேண்டும் என்றார்கள். அன்று எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஊழியர் பதிவேட்டைத் திறந்து, அதில் இருந்த பெயர்களை வரிசையாக அடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. செங்கல் கனம். முதலில் பில்கோட்டைத் தேடினேன். இருந்தார், கல் தொழிலாளி, பதினொரு நாள் பயணம், கோட்டுகூட இருந்தது. பிறகு, பொய் சொல்வானேன், என் பெயரைத் தேடினேன். மேலிருந்து மூன்றாவதாக இருந்தது. முழுப் பட்டியலையும் ஆசையாக ஒரு தடவை படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. ஊழியர் பதிவேட்டில் விசா வந்தவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஜமால் ஊரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். அங்கே போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன், எப்படிச் சொல்வது என்று பேப்பரில் குறித்துக்கூட வைத்திருந்தேன். புத்தகம் வந்துவிட்டது என்று சொன்னதுமே குறுக்கே பேசினார்.

"அந்தாளு பேரு வந்திருக்காக்கா?"

வந்திருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன். பக்கத்தில் யாரிடமோ, நான் சொன்னேனே அந்த மனுசன், உள்ளே போய்விட்டாராம் என்று சொல்வது கேட்டது. தன் பெயரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. குறித்து வைத்திருந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் பல தடவை பேசியிருக்கிறோம், அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போய் வந்தேன். இன்று வரை சொல்லவில்லை.

ரெஜினா, உன்னுடைய ஆறு பேருக்கும் இதைப் படிக்கக் கொடு. அந்தப் புத்தகத்துக்குத் துபாயில் வேலை செய்தவர்கள் பதிமூன்று பேர் என்று அதன் நன்றிப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பட்டியலை அடித்தவள் நான். பதினான்காவது ஆள் ஜமால் முகைதீன், காயல்பட்டினம்.